செவி திறந்த பின்பே நாவு

இந்த வாரத் தியானப் பகுதி: மாற்கு 7:31–37



மாற்கு ஏழாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். காது கேளாத, பேச்சும் திருத்தமாக வராத ஒரு மனிதனை ஆண்டவரிடம் அழைத்து வருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்திலிருந்து தனியே கொண்டுபோய், அவனுடைய காதுகளையும் நாவையும் தொட்டு, "எப்பத்தா" என்கிறார். மாற்கு தம்முடைய நூலைக் கிரேக்கத்தில் எழுதுகிறார். ஆயினும் இந்தச் சொல்லை ஆண்டவர் பேசிய அரமேய மொழியிலேயே விட்டுவைத்து, பக்கத்தில் அதன் பொருளை எழுதுகிறார். யவீருவின் மகளை எழுப்பிய சொல்லையும், கெத்செமனேயில் பிதாவை அழைத்த சொல்லையும், சிலுவையில் எழுந்த கதறலையும் அவ்வாறே காத்து வைத்திருக்கிறார். சுவிசேஷ புத்தகத்துக்குள்ளேயே மொழிபெயர்ப்பு தொடங்கிவிடுகிறது.

அற்புதம் நடக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அவன் செவிகள் திறக்கின்றன. அதன் பின்பே நாவின் கட்டு அவிழ்கிறது. வேதாகமம் மொழிகளுக்குள் வந்த வரலாற்றை இந்த வரிசையை மனதில் கொண்டு வாசித்தால், அது நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. கேட்டவர்களே நன்றாகப் பேசினார்கள். அந்த வரலாற்றின் சில ஏடுகளை இன்று புரட்டுவோம். முதல் ஏடு நம்முடைய ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது.

சேந்தமங்கலம், 1623

கொல்லிமலையின் அடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தை நாமக்கல் பக்கத்தார் அறிவீர்கள். மதுரையில் ஊழியம் செய்துவந்த இத்தாலிய இயேசு சபைக் குருவான ராபர்ட் தெ நொபிலி 1623-ஆம் ஆண்டு அந்த ஊருக்கு வந்தார். அங்கே ஆட்சி செய்த இராமச்சந்திர நாயக்கர் அவரை வரவேற்றார். அங்கிருந்து அவர் சேலத்துக்கும் போனார்.

நொபிலி தமிழையும் தெலுங்கையும் கற்றவர். சிவதர்மர் என்ற அறிஞரிடம் வடமொழியையும் பயின்றவர். குரு, வேதம், கோவில் போன்ற நாட்டுச் சொற்களைத் துணிந்து எடுத்து ஆண்ட அந்த மரபின் பயனைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் அனுபவிக்கிறார்கள். நாம் "வேதாகமம்" என்று சொல்லும்போதே அந்த மரபின் ஒரு துளி நம் நாவில் இருக்கிறது.

ஆனால் அவர் பெரும்பாலும் யாருக்குச் செவி கொடுத்தார்? கற்றவர்களுக்கும் உயர்ந்த நிலையில் இருந்தவர்களுக்கும். வயலில் நின்றவனின் தமிழ் அந்த அளவுக்கு அவருடைய ஏடுகளில் ஏறவில்லை. யாருடைய பேச்சு தேவனுடைய வார்த்தைக்குத் தகுதியான பேச்சு என்னும் கேள்வி அப்போதே பிறந்துவிட்டது. அது மொழியைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல; நம் நாட்டில் அது எப்போதும் சாதியைப் பற்றிய கேள்வியுமாக இருந்திருக்கிறது.

மணலில் எழுதியவர்

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் பர்த்தொலொமேயு சீகன்பால்கு, ஹென்றி புளுட்சோவுடன் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்கு அப்போது வயது 23. தமிழ் கற்பதற்கு அவரிடம் இலக்கண நூலோ அகராதியோ இல்லை. முதியவரான ஒரு பள்ளி ஆசிரியரைத் தம் பிள்ளைகளோடு தங்கள் வீட்டுக்கே வந்து பாடம் நடத்தும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்தச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, விரலால் மணலில் "அ" எழுதக் கற்றார்கள். பல்கலைக்கழகம் கண்ட ஒரு மனிதர், அரிச்சுவடி படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

அவர் தம்முடைய நாளை எப்படிப் பகுத்திருந்தார் என்பதைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். காலையில் முந்தைய நாளின் சொற்களைத் திரும்பச் சொல்வார். பின்பு நண்பகல் வரையில் ஒரு தமிழ்ப் புலவரையும் எழுத்தரையும் அருகில் வைத்துக்கொண்டு ஏடுகளைப் படிப்பார். பிற்பகலிலும் அதுவே. இரவில் கண் களைத்துப்போனால் பிறர் வாசிக்கக் கேட்பார். ஒரு நூலில் தெரியாத சொல் ஒன்றும் இல்லை என்னும் நிலை வரும்வரையில் அதையே மீண்டும் மீண்டும் படித்தார். இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய 20,000 சொற்களைத் திரட்டினார். தாம் சேகரித்த 119 தமிழ் நூல்களைப் பற்றி 1708-இல் ஒரு விவரப் பட்டியலும் எழுதினார்.

அந்தப் பணியில் அவருக்கு வாயாகவும் செவியாகவும் இருந்தவர் அழகப்பன். டேனியர்களிடம் துபாஷியாக வேலை பார்த்தவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்தவர். தமிழ் ஏடுகளின் பொருளை அந்நியருக்கு எடுத்துச் சொன்னதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார், பின்பு தஞ்சாவூரில் சிறையும் கண்டார். சீகன்பால்குவின் நினைவுச் சின்னங்களில் நாம் மாலை இடுகிறோம். அழகப்பனுக்கு மாலை இட்ட சபை எத்தனை?

1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு தொடங்கியது. அடுத்த மாதமே டேனிய ஆளுநர் சீகன்பால்குவைக் கோட்டையில் சிறை வைத்தார். நான்கு மாதம் கழித்து வெளியே வந்தவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711 மார்ச் மாதத்தில் முடித்தார். ஜெர்மனியிலுள்ள ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்தன, காகிதமோ போதவில்லை. ஆகையால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1714-இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாயின. பழைய ஏற்பாட்டை ரூத் வரையில் கொண்டுவந்திருந்த நிலையில், 1719 பிப்ரவரியில், 36 வயதில் அவர் உறங்கினார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார்.

யாருடைய தமிழ்?

மொழிபெயர்ப்பு ஒருமுறை செய்து முடிக்கும் வேலையன்று. தேவனை எந்தப் பெயரால் அழைப்பது என்பதையே பாருங்கள். சீகன்பால்கு கத்தோலிக்க வழக்கைப் பின்பற்றி "சர்வேசுரன்" என்றார். பிலிப் பப்ரிசியுஸ் "பராபரன்" என்றார். 1871-இல் வெளியாகி இன்றும் பெரும்பாலான புரோட்டஸ்தாந்து சபைகள் வாசிக்கும் மொழிபெயர்ப்பு "தேவன்" என்கிறது. பிற்காலத்துத் திருத்தங்களும், 1995-இல் வந்த திருவிவிலியமும் "கடவுள்" என்கின்றன. ஒவ்வொரு பெயரும் ஏற்கெனவே இந்த மண்ணில் யாரோ ஒருவருடைய வாயில் இருந்த பெயர்தான். வெறுமையான சொல் எந்த மொழியிலும் கிடைப்பதில்லை. மொழிபெயர்ப்பவர் அயலாருடைய வீட்டிலிருந்து பாத்திரத்தை இரவல் வாங்குகிறார்.

1740-இல் வந்த பப்ரிசியுஸ் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தப் பணிக்கே செலவிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சானது. பழைய ஏற்பாடு முழுவதும் 1796-இல் அச்சாகி முடிந்தபோது, அவர் மறைந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதிய பகுதியைக் கற்றவருக்கும் கல்லாதவருக்கும் வாசித்துக் காட்டி, அவர்களுக்கு எங்கே விளங்கவில்லை என்று கேட்டுத் திருத்துவது அவருடைய வழக்கம். நொபிலியின் காலத்தில் எழுந்த கேள்விக்கு இது ஒரு பதில். சபையில் உட்கார்ந்து கேட்கும் எளியவனே மொழிபெயர்ப்பின் தேர்வாளன் ஆனான்.

அடுத்த நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் ஐயர் ஒரு புதிய மொழிபெயர்ப்பை மேற்கொண்டார். அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர். நாவலர் சைவர், இறுதிவரை சைவராகவே வாழ்ந்து, சைவத்துக்காகக் கிறிஸ்தவ மிஷனரிகளோடு வாதிட்டவர். அவருடைய தமிழ்ப் புலமை நம் வேதாகமத்தின் வரலாற்றில் ஓர் இழையாக இருக்கிறது. 1850-இல் வந்த அந்த நூலின் நடை கடினம் என்று தென்னிந்தியச் சபைகள் பல அதை ஏற்கவில்லை. பின்பு ஹென்றி பவர், முத்தையா பிள்ளை முதலானோரின் உழைப்பில் உருவானதே 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. உங்கள் மடியில் இருக்கும் புத்தகத்தில் எத்தனை பேருடைய செவிகள் சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

மலை ஏறியவர்கள்

மறுபடியும் சேந்தமங்கலத்துக்கு வருவோம். நொபிலி வந்து ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1913-இல், ஜெசி பிராண்டும் ஈவ்லினும் அங்கே திருமணம் செய்துகொண்டு, கொல்லிமலை ஏறி வாழவந்தி நாட்டில் குடியமர்ந்தார்கள். தொழுநோயாளருக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன்.

கொல்லிமலை மக்கள் பேசுவது தமிழே. ஆயினும் அது மலைத்தமிழ். அதற்குத் தனி ஓசையும் தனிச் சொற்களும் உண்டு. புதிய வேதாகமம் அங்கே தேவைப்படவில்லை. வேறொரு மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது. ஆண்டுகள் பல கடந்தும் அவர்களுடைய போதனைக்கு அங்கே பலன் காணவில்லை. மருந்து கொடுத்தார்கள், பள்ளி நடத்தினார்கள், கைத்தொழில் கற்பித்தார்கள். முதல் உலகப் போரின் முடிவில் கொள்ளைக் காய்ச்சல் மலைக்குள் நுழைந்தபோது, அவர்களை எதிர்த்துவந்த ஒரு பூசாரி தம் மரணப் படுக்கையில் தம்முடைய பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். அந்த மலைக்குப் புரிந்த முதல் வசனம் அதுவே என்று நான் எண்ணுகிறேன். 1929 ஜூன் மாதத்தில் காய்ச்சல் ஜெசி பிராண்டையும் கொண்டுபோயிற்று. ஈவ்லின் அதன் பின்பும் நெடுங்காலம் மலைகளிலேயே ஊழியம் செய்து, 1974-இல் மரித்து, கொல்லிமலை மண்ணில் தம் கணவரோடு அடக்கம் பெற்றார்.

மேற்கே நீலகிரியில் நிலைமை வேறு. அங்கே மலைகளில் தனி மொழிகளே வழங்கின. பாசல் மிஷன் ஊழியர்கள் 1840-களில் கேத்தியில் தங்கிப் படக மொழியைக் கற்றார்கள். 1852-இல் லூக்கா சுவிசேஷம் படக மொழியில், கன்னட எழுத்தில், மங்களூரில் அச்சானது. தோடர்கள் படகர்களைவிட மிகச் சிறிய கூட்டம். 1901-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர்கள் ஏறக்குறைய 800 பேர். அந்தச் சிறு மந்தைக்காக மிஸ் காத்தரின் லிங் உழைத்தார். 1897-இல் மாற்கு சுவிசேஷம் தோடா மொழியில், தமிழ் எழுத்தில் வெளிவந்தது. அதே மாற்கு, அதே "எப்பத்தா". சில ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் ரிவர்ஸ் தோடர்களைப் பற்றித் தம் பெரிய நூலை எழுதியபோது, அவருக்கு மொழி பெயர்த்து உதவியவரும் மிஷனைச் சேர்ந்த உபதேசியார் சாமுவேல்தான்.

எண்ணூறு பேருக்கு ஒரு புத்தகமா என்று கணக்குப் பார்ப்பவன் கேட்பான். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனை நன்கு அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஆனால் வேறொரு கேள்வியை நாம் கேட்டே ஆகவேண்டும். அந்தப் புத்தகத்தை உருவாக்கும் முன் தோடாவை எவ்வளவு கேட்டார்கள்?

நாக்கு அதிர்ந்து பிறக்கும் ரகர ஒலியில் மட்டும் தோடா மொழி மூன்று வகைகளை வேறுபடுத்துகிறது. சகர, ஷகர இனத்திலோ இன்னும் பல. தமிழ் எழுத்துக்குள் அவை அடங்கா. 1935 முதல் மூன்று ஆண்டுகள் எமெனோ என்ற மொழியியலாளர் இந்திய மொழிகளைக் களத்தில் ஆராய்ந்தார். அப்போது தோடர்களிடம் கேட்டு எழுதிய பாடல்கள் 1971-இல் நூலாக வந்தன. அவற்றில் அவர் கண்ட ஓர் அமைப்பு என்னைத் திகைக்க வைத்தது. தோடர்களின் பாட்டில் ஒரு தொடர் தனித்து வராது. அதற்கு இணையாக, அதே கட்டமைப்பில், மற்றொரு தொடர் வந்தே தீரவேண்டும்.

இந்த அமைப்பை நீங்கள் வேறெங்கே கண்டிருக்கிறீர்கள்? சங்கீத புத்தகத்தில் அல்லவா? பத்தொன்பதாம் சங்கீதத்தின் முதல் வசனம் வானங்களைப் பற்றி ஒன்றைச் சொல்கிறது. உடனே ஆகாயவிரிவைப் பற்றி அதற்கு இணையாக மற்றொன்றைச் சொல்கிறது. எபிரெயக் கவிதையின் உயிர்நாடி அது. தாவீதின் பாட்டு அமர்ந்துகொள்ள ஏற்ற ஆசனம் நீலகிரியின் எருமை மந்தைகளுக்கு நடுவே ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. அது கிடப்பதைக் காண, முதலில் அந்தப் பாட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

அடிமைகளின் நாவிலிருந்து

உலகத்தின் மறுபக்கத்திலும் இதே பாடம். மேற்கு ஆப்பிரிக்காவின் சியெரா லியோனில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பற்பல நாடுகளிலிருந்து வந்து குவிந்திருந்தார்கள். அங்கே ஊழியம் செய்த கோலே என்ற ஜெர்மானியர் அவர்களை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் தாய்மொழிச் சொற்களைக் கேட்டு எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்கள் கொண்ட அவருடைய நூல் 1854-இல் வெளிவந்தது. விற்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்ட மனிதர்களிடம், "உன் தாய் இதை எப்படிச் சொல்வாள்?" என்று ஒருவர் கேட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதே சியெரா லியோனுக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களில் ஒருவர் சாமுவேல் அஜாயி குரோதர். 1821-இல் அடிமையாகப் பிடிக்கப்பட்டவர், 1864-இல் பேராயரானார். தம் தாய்மொழியாகிய யொருபாவின் சொற்களையும் பழமொழிகளையும் சேகரித்து, ஒரு சொல்லின் பொருளைத் தேடி ஊர் வழக்கங்களையே ஆராய்ந்து, வேதாகமத்தை அந்த மொழிக்குக் கொண்டுவருவதில் முன்னின்றார். தம் சொந்த மொழியில் மொழிபெயர்ப்பவரும் முதலில் கேட்கவேண்டியிருந்தது.

இன்று உலகில் வழங்கும் மொழிகள் 7,000-க்கும் மேல். முழு வேதாகமத்தையும் பெற்றவை 700-ஐத் தாண்டியிருக்கின்றன. எஞ்சிய மொழிகளில் பெரும்பாலானவை தோடாவைப் போலவே சிறியவை.

நம்முடைய சமவெளியில்

பிரியமானவர்களே, இது மலைகளையும் கடல்களையும் கடந்தவர்களின் கதை மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். சேலத்து நெசவாளர் வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுகிறார்கள். தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. நாமக்கல் கோழிப் பண்ணைகளில் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த சகோதரர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களை நாம் ஒரே சொல்லில் "இந்திக்காரர்" என்று அழைத்துவிடுகிறோம். ஆனால் அவர்களுள் ஒருவருடைய வீட்டு மொழி சந்தாலியாக இருக்கலாம், மற்றொருவருக்கு முண்டாரி, இன்னொருவருக்குக் குடுக்.

குடுக் என்பது ஒராவோன் மக்களின் மொழி. ஃபெர்டினாண்ட் ஹான் என்ற மிஷனரி 1900-இல் அதற்கு இலக்கணம் எழுதினார். அது திராவிட மொழி, தமிழுக்கு உறவு. நாம் "கண்" என்பதை அவர்கள் தொண்டையிலிருந்து ககரத்தை உரசி "கன்" என்பார்கள். நம்முடைய "வாய்" அவர்களுக்குப் "பை". ஆயிரம் மைல் கடந்து முட்டைத் தட்டுகளை அடுக்க வந்த அந்த இளைஞன் தூரத்து உறவின் மொழியைத் தன் வாயில் வைத்திருக்கிறான். அவனிடம் ஒரு இந்தித் துண்டுப்பிரதியைக் கொடுத்துவிட்டுச் சுவிசேஷம் அறிவித்ததாகக் கணக்கு எழுதுகிறோம். சந்தாலியில் முழு வேதாகமம் 1914-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அவன் எந்த மொழிக்காரன் என்று கேட்டிருந்தால்தானே அதைத் தேடித் தந்திருப்போம்?

நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில், யோர்தான் துறையில் நின்றவர்கள் ஒரு சொல்லை உச்சரிக்கச் சொன்னார்கள். "ஷிபோலேத்" என்று சொல்ல வராதவன் வெட்டப்பட்டான். அங்கே பேச்சு கொலைக் கருவியாயிற்று. பேதுருவின் கலிலேயப் பேச்சே அரண்மனை முற்றத்தில் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் பெந்தெகொஸ்தே நாளில் அதே கலிலேயர் வாய் திறந்தபோது, ஒவ்வொருவரும் தான் பிறந்த மொழியைக் கேட்டார்கள். "எங்கள் மொழியைக் கற்றுக்கொண்டு உள்ளே வா" என்று ஆவியானவர் யாரையும் வாசலில் நிறுத்தவில்லை. நம்முடைய ஆலய வாசல் யோர்தான் துறையா, மேல்வீட்டறையா? வடக்கிலிருந்து வந்தவனை மட்டும் நினைத்து இதைக் கேட்கவில்லை. தன் தெருப் பேச்சுக்கு வெட்கப்பட்டு, ஜெபக்கூட்டத்தில் வாய் திறக்காமலே இருக்கும் நம் சொந்தச் சகோதரியையும் நினைத்துக் கேட்கிறேன்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் அருகில் வேற்றுமொழி பேசும் ஒருவரிடம், அவருடைய வீட்டில் "அம்மா" என்பதற்கும் "சோறு" என்பதற்கும் "சமாதானம்" என்பதற்கும் என்ன சொல்வார்கள் என்று கேளுங்கள். எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்திக்கும்போது அந்தச் சொல்லால் அவரை வாழ்த்துங்கள். அவரை ஆலயத்துக்கு இழுக்கும் தந்திரமாக இதைச் செய்யவேண்டாம். அவர் ஆலயப்படி ஏறினாலும் ஏறாவிட்டாலும் தேவன் அவருடைய மொழியை அறிந்திருக்கிறார். சிறுபிள்ளைகளோடு மணலில் அமர்ந்தவரைப் போல நாமும் மாணவராக உட்காருவோம். நம் நாவுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்பதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

ஜெபம்: செவிடனைத் தனியே அழைத்துச் சென்று தொட்ட ஆண்டவரே, எங்கள் செவிகளையும் தொடும். பேசுவதில் விரைவும் கேட்பதில் தாமதமும் உள்ள எங்களைத் திருத்தும். பெயர் மறைந்துபோன மொழிபெயர்ப்பாளர்களுக்காக உமக்கு நன்றி. எங்கள் ஊரில் அந்நியராய் உழைக்கிறவர்களின் சொல்லை நாங்கள் கற்கும்படி மனத்தாழ்மை தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.